ஏர் ரைஃபிள் சுடத் தொடங்குகிறவர்களுக்கு: சங்கத்து வாசலிலிருந்து சர்வதேசத் தளம் வரை

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சங்கத்தின் சுடுதளத்துக்கு யாராவது ஒரு தகப்பனார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். வணக்கம் சொன்ன அடுத்த நிமிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்த ரைஃபிள் வாங்கலாம்?" நானும் பல ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிவருகிறேன். "இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். பிள்ளை பத்து நிமிடம் அசையாமல் நிற்குமா என்று முதலில் பார்ப்போம்." சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். கோபப்பட்டவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதமே ஜெர்மன் துப்பாக்கியோடு வந்து நின்றார்கள். அவற்றில் ஒன்று இப்போது வேறொரு பெண்ணின் தோளில் இருக்கிறது, பாதி விலைக்குக் கைமாறி.

நான் தேசியப் போட்டி வரை போய் அங்கேயே நின்றுவிட்டவன். இந்திய அணியின் சட்டையைப் போட்டதில்லை. போட்டவர்களுக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டிருக்கிறேன். அவர்களுக்கும் எனக்கும் இருந்த இடைவெளி என்ன என்பது தசமப் புள்ளி வரை எனக்குத் தெரியும். இங்கே எழுதுவதெல்லாம் அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை.

முதலில் கணக்கு

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் இந்த விளையாட்டின் அளவுகளை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். தூரம் 10 மீட்டர். குண்டு 4.5 மி.மீ. குறுக்களவுள்ள ஈயம். இலக்கு அட்டையில் வெளி வளையத்தின் குறுக்களவு 45.5 மி.மீ.; ஒரு தீப்பெட்டியின் நீளத்தை விடக் குறைவு. நடுவிலிருக்கும் 10 என்பது வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அந்தப் புள்ளியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரியது. ஆகவே புள்ளியின் ஓரத்தைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். அங்கிருந்து மையத்தை நோக்கி ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். மையத்தில் அப்படியே உட்கார்ந்தால் 10.9, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், 75 நிமிடங்கள். அதாவது குண்டுக்கு 75 விநாடி. முழு மதிப்பெண் 654. பெண்கள் முன்பு 40 குண்டுகள்தான் சுட்டார்கள். 2018 முதல் அவர்களுக்கும் 60.

இப்போது 2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாம் இடம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே. இடையில் இருந்தது 0.8. மில்லிமீட்டரில் சொன்னால், 60 குண்டுகளின் விலகலையும் கூட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான்.

இதிலிருந்து புதியவர் பிடித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 630 என்பது குண்டுக்குச் சராசரி 10.5. உலகத் தரத்தில் சுடுகிறவர்கள் 10.9 மழை பொழிவதில்லை, 10.3, 10.6, 10.4, 10.7 என்று சலிப்பூட்டும் ஒழுங்கில் சுடுகிறார்கள். ஒரு 9.6 விழுந்துவிட்டால் அதை ஈடுகட்டத் தேவையான இடம் மேலே இல்லை. எனவே நண்பர்களிடம் காட்டுவதற்காக உங்கள் மிகச்சிறந்த அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி பத்துப் பயிற்சிகளின் சராசரியைக் குறித்து வையுங்கள். அணித் தேர்வு வரை உங்களோடு வரப்போவது அந்த எண்தான்.

சங்கத்தைத் தேடுவது

இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கம். அதன் கீழே மாநிலச் சங்கங்கள், அவற்றின் கீழே மாவட்டச் சங்கங்களும் ரைஃபிள் கிளப்புகளும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை என்று பெரிய ஊர்களில் பழைய கிளப்புகள் இருக்கின்றன. சிறிய ஊர்களில் இப்போது தனியார் பயிற்சி மையங்கள் மாடியில் பத்து மீட்டர் இடம் கிடைத்தால் தொடங்கிவிடுகின்றன. இடம் சிறியது என்பது குறையல்ல. ஆனால் சேர்வதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேறு வாசல் தேட வேண்டியிருக்கும். புதியவர்களுக்குக் கிளப் துப்பாக்கி கொடுப்பார்களா? பயிற்சியாளர் உங்கள் பின்னால் நின்று பார்ப்பாரா, அல்லது அறைக்குள் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பாரா? கடைசிக் கேள்விக்கு விடை கேட்டுத் தெரியாது. அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

சட்டம் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் அந்த வரம்பில் பாதிகூட இல்லை. அதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் உறையில்லாமல் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. வாங்கிய ரசீதும் சங்க அடையாள அட்டையும் எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ரயிலில் ஒரு முறை யாராவது திறந்து காட்டச் சொன்னால் இதன் அருமை புரியும்.

கண்ணாடி போட்டவர்கள் சுடலாமா? தாராளமாக. எத்தனை வயதில் தொடங்கலாம்? நின்றபடி நான்கைந்து கிலோவை முதுகு வளையாமல் தாங்கும் வயதில். என் கணக்கில் 11, 12. அதற்கு முன்பு வருகிற பிள்ளைகளை ஒரு தாங்கியின் மேல் வைத்துச் சுடவிடலாம். அது ஆசையை வளர்க்கும், முதுகைக் கெடுக்காது. தாமதமாக வந்தாலும் குடிமுழுகிப் போவதில்லை. பாரிஸில் தங்கம் வென்ற தென்கொரியாவின் பான் ஹியோ ஜின்னுக்கு அப்போது 16 வயது. அவர் துப்பாக்கியை முதன்முதலாக எடுத்தது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான்.

முதல் மூன்று மாதம்

முதல் நாள் கற்பது பாதுகாப்பு. குழல் வாய் எப்போதும் இலக்கின் பக்கம். சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே. சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நூல் செருகியிருக்க வேண்டும். "ஸ்டாப்" என்ற குரல் கேட்டால், விசையில் பாதி அழுத்தம் கொடுத்திருந்தாலும் இறக்கிவிட வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொட்டவரை எங்கள் தளத்தில் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அவர் மாநிலச் சாம்பியனாக இருந்தாலும். இன்னொன்று: குண்டு ஈயம். பல்லிடையே கடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பிறகு நிற்பது. இதற்குத்தான் நேரம் பிடிக்கும், இதில்தான் பலர் ஓடிப்போகிறார்கள்.

வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி நில்லுங்கள். கால்கள் தோள் அகலம். இடுப்பை இலக்கை நோக்கி லேசாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் அல்லது விலாவின் ஓரத்தில் ஊன்ற வேண்டும். மேல் உடல் சற்றே பின்னால் சாயும், சற்றே திரும்பும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிற பெண்களைப் பாருங்கள். எடையைத் தாங்குவது கையில்லை, இடுப்பு. துப்பாக்கியும் அப்படித்தான். எலும்பின் மேல் எலும்பாக அடுக்கி நின்றால் தசைக்கு வேலையில்லை. வேலையில்லாத தசை நடுங்காது. இடது தோள் வலித்தால் நீங்கள் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். தாங்கியிருந்தால் வலி கீழ் முதுகில் தெரியும். அதனால் வயிற்றுக்கும் முதுகுக்குமான உடற்பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். இருபது வயதில் முதுகுத் தேய்மானத்தோடு விலகிய திறமைசாலிகளை எனக்குத் தெரியும்.

தலையைத் துப்பாக்கியிடம் கொண்டுபோகக் கூடாது, துப்பாக்கியைத் தலையிடம் கொண்டுவர வேண்டும். கன்னக்கட்டையை ஏற்றி இறக்கினால் இது சரியாகிவிடும்.

நின்றாயிற்று. இப்போது கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விடுங்கள். உடலைத் தளரவிட்டுக் கண்ணைத் திறங்கள். குழல் எங்கே பார்க்கிறது? அதுதான் உங்கள் இயல்பான குறி. அது இலக்கின் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் நின்றால், புதியவர் கையால் இடப்பக்கம் இழுப்பார். அங்கேதான் கெட்டது. விசை விடுபடும் நொடியில் கை தன் இயல்பான இடத்துக்குத் திரும்பும், குண்டு வலப்பக்கம் போகும். நகர்த்த வேண்டியது பாதத்தை, அதுவும் ஓர் அங்குலத்துக்குள். உயரம் சரியில்லையென்றால் இடக்கையின் நிலையையோ தோள்கட்டையையோ மாற்ற வேண்டும். போட்டியில் ஒவ்வொரு பத்துக் குண்டுக்கும் ஒரு முறையாவது இந்தச் சோதனையைச் செய்கிறேன். செய்ய மறந்த நாட்கள் என் மதிப்பெண் ஏட்டில் தனியாகத் தெரிகின்றன.

மூச்சு: இரண்டு முறை இயல்பாக விட்டு, மூன்றாவதைப் பாதியில் நிறுத்த வேண்டும். நிறுத்திய ஆறிலிருந்து எட்டு விநாடிக்குள் குண்டு போய்விட வேண்டும். போகவில்லையா? இறக்கிவிடுங்கள். பத்து விநாடிக்குப் பிறகு கண் பொய் சொல்லத் தொடங்கும். நடுவில் இருப்பதாகவே காட்டும். இறக்குவது தோல்வி என்று நினைக்கும் பிள்ளைகள் பத்தாவது விநாடியில் பிடிவாதமாகச் சுட்டு 8.9 வாங்குவார்கள். ஒரு குண்டை விடாமல் நான்கு முறை இறக்கியவரை நான் கைதட்டிப் பாராட்டியிருக்கிறேன்.

விசை: இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டத்தைக் குறிக்குள் நுழையும்போதே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது கட்டம் எப்போது விடுபட்டது என்று உங்களுக்கே சற்று வியப்பாக இருக்க வேண்டும். விடுபட்ட பிறகும் இரண்டு மூன்று விநாடி அப்படியே நில்லுங்கள். குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. சீக்கிரம் தலையைத் தூக்கினால் குண்டு குழலை விட்டுக் கிளம்பும் முன்பே நீங்கள் அசைந்திருப்பீர்கள்.

அடுத்தது யாரும் விரும்பாத பயிற்சி: குண்டில்லாமல் சுடுவது. போட்டித் துப்பாக்கிகளில் காற்று வெளியேறாமல் விசையை மட்டும் இயக்கும் அமைப்பு இருக்கிறது. வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைத் தாள், அதில் கறுப்புப் புள்ளி. முதல் மாதம் சுவரில் புள்ளிகூட வேண்டாம். வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை இழுங்கள், குறிநோக்கியின் முன்வளையம் எப்படி அசைகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். முதல் மூன்று மாதத்தில் நான்கில் மூன்று பங்கு பயிற்சி இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்ற பயிற்சியாளர்கள் பாதிக்குப் பாதி என்பார்கள். மதிப்பெண் என்ற ஒன்று கண்ணில் படாத வரைதான் உடல் நேர்மையாகக் கற்கிறது என்பதை நான் என் தவறுகளில் கண்டேன், அதனால் என் விகிதத்தில் நிற்கிறேன்.

குண்டு போட்டுச் சுடத் தொடங்கியதும் ஒரு விளையாட்டு: மதிப்பெண் காட்டும் திரையைப் பார்க்கும் முன் குண்டு எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். "கொஞ்சம் இடம், 10.2." பிறகு திரையைப் பாருங்கள். நீங்கள் சொன்னதும் திரை சொன்னதும் ஒத்துப்போகத் தொடங்கும் மாதத்தில்தான் நீங்கள் சுடுநர் ஆகிறீர்கள்.

குறிநோக்கி

பின்னால் சிறு துளையுள்ள தட்டு, அதைத்தான் டயாப்டர் என்கிறோம். முன்னால் குழாய்க்குள் ஒரு வளையம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், எல்லாம் ஒரே மையம். புதியவர்கள் முன்வளையத்தைச் சிறியதாக வைத்தால் துல்லியம் கூடும் என்று நம்புகிறார்கள். நடப்பது தலைகீழ்: இறுக்கமான வளையத்தில் அசைவு பெரிதாகத் தெரியும், பயத்தில் விசையைத் தட்டிவிடுவீர்கள். வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியட்டும்.

டயாப்டரைத் திருகும்போது 'கிளிக்' என்று சத்தம் வரும். குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, அந்தக் கூட்டம் நடுவில் இல்லையென்றால் மட்டும் கிளிக் போடுங்கள். ஒரே ஒரு குண்டு விலகியதற்குத் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

திருக வேண்டிய நேரத்தில் தயங்கவும் கூடாது. 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். தகுதிச் சுற்றில் தசமப் புள்ளி இல்லாத காலம் அது; அபினவ் பிந்த்ரா 600க்கு 596 எடுத்து நான்காவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். சுற்று தொடங்கும் முன் போட்ட சோதனைக் குண்டு 4 வளையத்தின் பக்கம் போய் விழுந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருந்த சில நிமிடங்களில் குறிநோக்கியைத் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 சுட்டு, தகுதி மதிப்பெண்ணையும் சேர்த்து மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கடைசிக் குண்டுக்கு முன் அவரோடு சமநிலையில் இருந்த பின்லாந்துக்காரர் ஹாக்கினென் 9.7 சுட்டு வெண்கலத்துக்கு இறங்கினார்.

எதை எப்போது வாங்குவது

இப்போதுதான் அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறோம். என் வரிசை இது: முதலில் காலணி, பிறகு கையுறை, பிறகு கோட்டும் கால்சட்டையும், கடைசியில் துப்பாக்கி. தட்டையான கெட்டி அடிப்பாகம் கொண்ட சுடுகாலணி நிற்பதை ஒரே நாளில் மாற்றும். கோட்டு கனத்த கேன்வாஸ் துணி. புதிதில் பலகைபோல் இருக்கும். மடித்துப் பைக்குள் திணித்தால் அதன் உயிர் போய்விடும், விரித்துத்தான் தொங்கவிட வேண்டும். நம் ஊர் மே மாதத்தில், குளிரூட்டி இல்லாத தளத்தில், அதற்குள் நின்று 60 குண்டுகள் சுடுவது தனி அனுபவம். உள்ளே போடும் பனியன் முழுக்கை, பருத்தியாக இருக்கட்டும். மாற்று ஒன்று கையில் இருக்கட்டும். முடிந்ததும் கோட்டை நிழலில் உலர்த்துங்கள்.

உடல் வளரும் வயதில் அளவெடுத்துத் தைத்த வெளிநாட்டுக் கோட்டு வாங்காதீர்கள். பழையதை வாங்குவதாக இருந்தால் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். கோட்டுத் துணியின் தடிமன் 2.5 மி.மீ. தாண்டக் கூடாது, விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள், காலணியின் அடிப்பாகம் வளைய வேண்டும், துப்பாக்கி 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இது தெரிந்த விதம் சோகமானது. ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கோட்டு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு மாவட்டத்தில் பதக்கம்கூட வாங்கினேன். தேசியப் போட்டியின் உபகரணச் சோதனையில் அது விறைப்பு அதிகம் என்று ஒதுக்கப்பட்டது. வெறும் ஸ்வெட்டரில் நின்று சுட்டேன். என் சராசரியைவிட ஒன்பது மதிப்பெண் குறைந்தது. இரண்டு இரவு ரயிலில் போய் வந்த செலவு தனி.

துப்பாக்கி: ஃபெய்ன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் ஆகிய பெயர்களைத்தான் தளங்களில் கேட்பீர்கள். முதல் மூன்றும் ஜெர்மனி, நான்காவது ஆஸ்திரியா. நால்வரின் பொருளிலும் 10.9 சுடலாம். புதியது லட்சங்களில் விலை. ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுட்டு, உங்கள் சராசரி ஏறுவது நின்று, அதற்குக் காரணம் கட்டையின் அளவு பொருந்தாததுதான் என்று பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டால், அப்போது வாங்குங்கள். உள்நாட்டுத் துப்பாக்கியில் திறந்த குறிநோக்கிப் பிரிவில் சுட்டுத் தொடங்குவது இன்னொரு வழி. பள்ளிப் போட்டிகளில் அந்தப் பிரிவு உண்டு, செலவு மிகக் குறைவு.

பழைய துப்பாக்கி வாங்கினால் காற்று உருளையின் மேல் பொறித்த தேதியைப் பாருங்கள். உருளையின் ஆயுள் பத்து ஆண்டு. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த பொருள் அது. தேதி தாண்டியதைப் பேரம் பேசி வாங்குவது முட்டாள்தனம். அதன் திருகுமரையில் எண்ணெய் தடவக் கூடாது. விமானத்தில் போகும்போது காற்றை வெளியேற்றிவிட்டு, துப்பாக்கி இருப்பதை டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

குண்டுச் செலவு யாரும் முன்கூட்டிக் கணக்கிடாதது. நாளுக்கு 80, வாரம் 5 நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 குண்டு. 500 கொண்ட டப்பாவில் 40 டப்பா. பயிற்சிக்கு மலிவானது போதும். போட்டிக்கு உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று சோதித்து, அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணி

மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, பிறகு தென் மண்டலப் போட்டி அல்லது மாவ்லங்கர் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டி, அதன்பின் தேசியப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் உண்டு. சுற்றறிக்கை ஆண்டுதோறும் வரும், அதைச் சங்கத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள், வாய்வழிச் செய்தியை நம்பாதீர்கள். தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள எண்ணைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். பிறந்த தேதி ஆவணங்களில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். ஜூனியர் பிரிவுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 21 நிறைந்திருக்கக் கூடாது. கடைசி நேரத்தில் சான்றிதழுக்கு அலைந்து ஓர் ஆண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேசியப் போட்டிக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். அங்கே குறிப்பிட்ட தரத்தை எட்டினால் 'ரினௌன்ட் ஷாட்' என்ற தகுதி கிடைக்கும்; துப்பாக்கியும் குண்டும் இறக்குமதி செய்வது அதன்பின் எளிது. மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்குத் தேர்வுச் சுடுதல்கள் உண்டு, பெரும்பாலும் டெல்லி துக்ளகாபாதின் கர்ணி சிங் தளத்திலோ போபாலிலோ. பல சுடுதல்களின் சராசரியில்தான் இந்திய அணி.

இந்தச் சராசரி எத்தனை கறாரானது என்பதற்கு ருத்ராங்க்ஷ் பாட்டீலைச் சொல்ல வேண்டும். 2022இல் கெய்ரோவில் உலகச் சாம்பியன், பாரிஸுக்கான ஓர் இடத்தையும் அங்கேயே இந்தியாவுக்கு வென்றுகொடுத்தவர். ஆனால் ஒலிம்பிக் இடம் நாட்டுக்குச் சொந்தம், வென்றவருக்கு அல்ல. 2024இல் டெல்லியிலும் போபாலிலும் நடந்த நான்கு தேர்வுச் சுடுதல்களின் முடிவில் சந்தீப் சிங்கும் அர்ஜுன் பபுதாவும் முன்னால் இருந்தார்கள். அவர்களே பாரிஸ் போனார்கள். கொடுமை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. போன பபுதா இறுதிச் சுற்றில் நான்காம் இடம் வரை வந்தார்.

ஜூனியர் காலத்தை வீணாக்காதீர்கள் என்பதற்கு இளவேனில் எடுத்துக்காட்டு. 2018இல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம், அடுத்த ஆண்டே ரியோவில் பெரியவர்களுக்கான உலகக் கோப்பைத் தங்கம், அதே ஆண்டு இறுதியில் சீனாவின் புதியானில் உலகக் கோப்பை இறுதிப் போட்டித் தங்கம். ககன் நரங்கின் அகாதெமியில் பயிற்சி பெற்றவர் அவர். நரங்கும் சென்னையில் பிறந்தவர்தான். 2012 லண்டனில் வெண்கலம்.

போட்டி நாள்

காலையில் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இரண்டு இட்லி போதும். பொங்கல் வேண்டாம், கண் சொருகும். காப்பி பழகியவர் ஒரு டம்ளர் குடிக்கலாம், பழகாதவர் அன்றைக்குத் தொடங்கக் கூடாது. உபகரணச் சோதனையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

தயாரிப்புக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம் தருவார்கள். அந்த 15 நிமிடத்தில் பத்துச் சோதனைக் குண்டுகளும் மைய வட்டத்தில் விழுந்து, முதல் மதிப்பெண் குண்டு 9.4 போவது எல்லோருக்கும் நடப்பது. துப்பாக்கியை இறக்கி, தண்ணீர் குடித்து, பாதத்தைச் சோதித்து, மறுபடி எடுங்கள். நேரம் இருக்கிறது. பக்கத்துத் தடத்தின் திரையைப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

இறுதிச் சுற்று வேறு ஆட்டம். பாரிஸில் நடந்த முறையில், தகுதி மதிப்பெண் அழிக்கப்பட்டு எட்டுப் பேரும் பூஜ்யத்தில் தொடங்கினார்கள். 250 விநாடியில் ஐந்து குண்டு, இரண்டு முறை. பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் 50 விநாடி. 12 குண்டு முடிந்ததும் கடைசி ஆள் வெளியே, அதன்பின் இரண்டு குண்டுக்கு ஒருவர். 24 குண்டு முடிந்தபோது பான் ஹியோ ஜின்னும் சீனாவின் ஹுவாங் யுடிங்கும் 251.8இல் சமம். கூடுதல் குண்டில் பான் 10.4, ஹுவாங் 10.3. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்.

இதைப் பழக வீட்டில் கைதட்டும் சத்தத்தையும் தொலைக்காட்சிச் சத்தத்தையும் வைத்துக்கொண்டு, 50 விநாடி மணியோடு குண்டில்லாமல் சுடுங்கள். அக்கம்பக்கத்தார் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

காசும் படிப்பும்

பரிசுப் பணத்தில் வாழலாம் என்று யாரும் வர வேண்டாம். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உதவி. அதில் மாதம் 10,000 கைச்செலவுக்கு. ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் முதன்மைக் குழுவினருக்கு மாதம் 50,000. அந்த உயரம் வரும் வரை வீட்டுப் பணம்தான். ரயில்வே, விமானப்படை, கடற்படை, ராணுவம் போன்றவை சுடுநர்களை வேலைக்கு எடுக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் மவ்வில் இருக்கும் ராணுவச் சுடுதல் பிரிவு பலரைச் சர்வதேச நிலைக்கு அனுப்பியிருக்கிறது. தேசியப் பதக்கமும் சான்றிதழும் கல்லூரி இடத்துக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் உதவும். ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு வராதீர்கள். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இந்த விளையாட்டில் உருப்படியாகச் செய்ய முடியாது; நான்காவது மணியில் களைப்பைத்தான் பழகுவீர்கள்.

மேலே போக முடியாதவர்களுக்கும் தளத்தில் இடம் உண்டு: பயிற்சியாளர், நடுவர், உபகரணம் பழுதுபார்ப்பவர். நடுவர் தேர்வு எழுதுவதற்கு முன் விதிப்புத்தகத்தை ஒரு முறை முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தக் கோட்டின் விறைப்பு அளவு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தேன். இப்போது மாவட்டப் போட்டிகளில் உபகரணச் சோதனை மேசையில் உட்காருவது நான்தான். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கோட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள், அளந்து சொல்கிறேன்.